காரவள்ளிக் குரங்கு கேட்க வைத்த கேள்வி

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைச் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரமான காரவள்ளியைத் தாண்டி ஏறினால், சாலையோரச் சுவரில் நாட்டுக் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது பழகிய காட்சி. பத்தாம் வகுப்பில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' பாடம் நடத்தியபோது ஒரு மாணவன் எழுந்தான்.

"குரங்குலேருந்துதான் மனுசன் வந்தான்னா, காரவள்ளிக் குரங்கெல்லாம் ஏன் சார் இன்னும் குரங்காவே இருக்கு?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. குரங்கு மெல்ல மெல்ல நிமிர்ந்து மனிதனாக நடந்துபோகும் வரிசைப் படத்தைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்தவன் நான். அவன் கேள்வி அந்தப் படத்திலிருந்து வந்தது.

மறுநாள் வேறு படம் வரைந்தேன். "உன் பெரியப்பா மகன் உனக்கு அப்பாவா?" என்று கேட்டேன். "இல்ல சார், அண்ணன். எங்க ரெண்டு பேருக்கும் தாத்தா ஒருத்தர்" என்றான். அதுதான் விடை. நாட்டுக் குரங்கின் வழியும் நம் வழியும் பிரிந்து ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஆண்டுகள் ஆகின்றன. சிம்பன்சியும் நாமும் பிரிந்தது ஏறத்தாழ 60 முதல் 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான். அந்தப் பொது மூதாதை இன்றைய நாட்டுக் குரங்கும் அல்ல, மனிதனும் அல்ல. நாம் மாறிவந்த அதே காலம் முழுவதும் குரங்கும் தன் வழியில் மாறிவந்திருக்கிறது.

இந்த உறவு இருப்பதால்தான் மூளை ஆய்வு குரங்கைத் தேடிப் போனது. நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள். வடஇந்தியாவின் ரீசஸ் குரங்குக்கு ஏறத்தாழ 640 கோடி. எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இருந்தாலும், பார்வைக்கும் கை அசைவுக்குமான பகுதிகள் அமைந்திருக்கும் விதத்தில் ஒற்றுமை அதிகம். 1990களின் தொடக்கத்தில் இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்தில் ரிசொலாட்டி குழுவினர் குரங்கு மூளையில் மெல்லிய மின்முனைகளைச் செருகி ஆராய்ந்தனர். குரங்கு ஒரு பொருளை எடுக்கும்போது தூண்டப்படும் சில செல்கள், வேறொருவர் எடுப்பதைப் பார்த்தாலே தூண்டப்பட்டன. இவையே கண்ணாடி நியூரான்கள். மனிதப் பண்பாட்டின் பாய்ச்சலுக்கே இவை காரணமாகலாம் என்றார், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.இராமச்சந்திரன். பலர் இதை ஏற்கவில்லை. குரங்கு பிறரைப் பார்த்து அப்படியே செய்வதில் அவ்வளவு தேர்ந்ததல்ல என்பது அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. முடியாத விவாதத்தை முடிந்ததாகச் சொல்லிவிடாமல் நடத்துவதே நல்லது.

"அந்தக் குரங்குக்கு வலிக்காதா சார்?" என்றாள் ஒரு மாணவி. மூளைத் திசுவில் வலியை உணரும் நரம்பு முனைகள் இல்லை என்று சொல்லி நழுவியிருக்கலாம். ஆனால் மண்டையோட்டில் அறுவை உண்டு. கூண்டு வாழ்க்கை உண்டு. குரங்கின் சிறுநீரகச் செல்களில் போலியோ வைரஸை வளர்த்துத்தான் 1955இல் சால்க் தடுப்பூசி வந்தது. அதற்காக ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கான குரங்குகள் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாயின. 1978இல் நம் அரசு அதைத் தடை செய்தது. இரண்டையும் சொன்னேன். அவள் உடனே உட்காரவில்லை.

ஊசி செருகாத ஆய்வும் உண்டு. பெங்களூரு தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தின் அனிந்தியா சின்ஹாவும் உடன் ஆய்வாளர்களும் பந்திப்பூரில் நாட்டுக் குரங்குகளை, அதாவது நம் காரவள்ளிக் குரங்கின் இனத்தையே, கவனித்து 2018இல் கட்டுரை வெளியிட்டனர். அங்குள்ள குரங்குகள் மனிதரிடம் கை நீட்டி, 'கூ' என ஒலியெழுப்பி உணவு கேட்கின்றன. எதிரில் இருப்பவர் தம்மைக் கவனிக்கிறாரா என்றும் பார்க்கின்றன. மொழியின் வேரைத் தேடுபவர்களுக்கு இது முக்கியமான செய்தி.

இதையே செயல்பாடாகக் கொடுத்தேன். பேருந்துக்குள் இருந்தபடியே பார்க்க வேண்டும், தின்பண்டம் போடக் கூடாது, பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், நினைத்ததை எழுதக் கூடாது. முதலில் கேள்வி கேட்டவன் ஒரு பக்கம் எழுதி வந்தான். அதில் ஒரு வரி: "பஸ் நின்னதும் பெரிய குரங்கு என் கையைப் பாக்கல, மூஞ்சியத்தான் பாத்துச்சு."