பல்லையும் அடைப்பையும் இணைக்கும் மெல்லிய படலம்

“பல்லின் நிறத்திலேயே அடைத்துக்கொண்டேன் டாக்டர், இரண்டு ஆண்டுகளுக்குள் கழன்று விழுந்துவிட்டதே, ஏன்?” என்று கேட்பவர்கள் உண்டு. “அந்தப் பசை பிளாஸ்டிக்தானே, பிள்ளையின் உடம்புக்குக் கெடுதல் இல்லையா?” என்று கவலையோடு கேட்கும் தாய்மார்களும் உண்டு. இவ்விரு கேள்விகளும் ஒரே பொருளைப் பற்றியவை. பல்லுக்கும் அடைப்புக்கும் இடையே நாங்கள் பூசும் பிணைப்புப் பசையே அப்பொருள். பெரும்பாலும் அது ஒரு தலைமுடியின் பருமனைவிட மெல்லியது. ஆயினும் அடைப்பின் ஆயுளைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

பசை எதற்கு?

வெள்ளி நிற அமால்கம் அடைப்பு பல்லோடு ஒட்டுவதில்லை. அது நழுவாமல் நிற்க, குழியின் அடிப்பகுதியைச் சற்று அகலமாக வெட்ட வேண்டும். அதற்காக நல்ல பல்லும் சிறிது பலியாகும். பல் நிறத்திலான காம்போசிட் அடைப்பும் தானாகப் பல்லில் ஒட்டாது. ஆனால் பிணைப்புப் பசை அதனைப் பல்லோடு இணைத்துவிடுவதால், சொத்தையான பகுதியை மட்டும் நீக்கினால் போதும். நல்ல பல்லைக் காப்பாற்ற முடிவதே இம்முறையின் பெரும் நன்மையாகும்.

எனாமல் எளிது, டென்டின் கடினம்

1955ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவோனகோர், பாஸ்பாரிக் அமிலத்தைச் சில நொடிகள் பூசிக் கழுவினால் எனாமலில் பசை நன்கு பற்றுகிறது என்று காட்டினார். பல்லின் வெளிப்புறக் கவசமாகிய எனாமலின் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப்பொருளே. அமிலம் அதில் நுண்ணிய பள்ளங்களை உண்டாக்க, பசை அவற்றுள் இறங்கி இறுகிப் பற்றிக்கொள்கிறது.

எனாமலுக்கு அடியில் உள்ள டென்டின் அத்தகையது அன்று. அதில் தாதுப்பொருள் ஏறத்தாழ 70 விழுக்காடுதான். எஞ்சியது கொலாஜன் என்னும் புரத இழைகளும் நீரும் ஆகும். ஒரு சதுர மில்லிமீட்டர் டென்டினில் 20,000க்கும் மேற்பட்ட நுண்குழல்கள் இருக்கக்கூடும். பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள பற்கூழிலிருந்து இக்குழல்களின் வழியே திரவம் கசிந்துகொண்டே இருக்கும். ஈரச் சுவரில் பெயிண்ட் ஒட்டாததைப் போல, இந்த உயிருள்ள ஈரத்தில் பழைய பசைகள் ஒட்டவில்லை.

1982இல் ஜப்பானிய ஆய்வாளர் நொபுவோ நகபயாஷி இதற்கு ஒரு வழியை விளக்கினார். அமிலத்தால் தாதுப்பொருள் நீங்கிய கொலாஜன் இழைகளுக்கு இடையே பசை ஊடுருவி இறுகினால், பாதி பல்லும் பாதி பசையுமான ஒரு கலப்புப் படலம் உருவாகிறது. இன்றைய பசைகள் பெரும்பாலும் இந்த அடிப்படையிலேயே செயல்படுகின்றன. பல்லிலுள்ள கால்சியத்தோடு வேதியியல் முறையில் இணையும் பசைகளும் இப்போது புழக்கத்தில் உள்ளன.

நாற்காலியில் கழியும் அந்தச் சில நிமிடங்கள்

“வாயை மூடாதீர்கள், நாக்கை அசைக்காதீர்கள்” என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இதுவே. பசை பூசும் நேரத்தில் ஒரு துளி உமிழ்நீரோ இரத்தமோ பட்டால் பிணைப்பு வலுவிழந்துவிடும். அமிலத்தால் கழுவிய டென்டினை மிகையாக உலர்த்தினால், காய்ந்த ஸ்பாஞ்சு போல் கொலாஜன் இழைகள் ஒடுங்கிப் பசைக்கு வழிவிடா. ஈரம் மிகுந்தாலோ பசை நீர்த்துவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பதத்தில் பசையைப் பூசி, நீல ஒளியைக் காட்டி இறுகச் செய்கிறோம். ரப்பர் திரையை மாட்டுவதும் பஞ்சு உருளைகளை வைப்பதும் உங்களுக்குத் தொல்லையாக இருக்கலாம். சிகிச்சையின் வெற்றி அவற்றையே நம்பியிருக்கிறது.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் பிணைப்பு நிரந்தரமானது அன்று. ஆண்டுகள் செல்லச் செல்ல நீர் ஊறுவதாலும், டென்டினிலேயே உள்ள நொதிகள் கொலாஜனைச் சிதைப்பதாலும் அது தளரலாம். விளிம்பு முழுவதும் எனாமலில் அமைந்த அடைப்பு நெடுநாள் நிற்கும். ஈறுக்கு அருகே வேர்ப்பகுதியில் அமைந்தது எளிதில் தளரும். ஈரத்தைக் கட்டுப்படுத்த இயலாத இடங்களில், கிளாஸ் அயனோமர் என்னும் வேறு வகைச் சிமெண்டை நாங்கள் பரிந்துரைப்பதும் உண்டு.

பாதுகாப்பானதா?

முறையாகப் பூசி, முழுமையாக இறுகச் செய்தால் பெரும்பாலோர்க்கு இப்பசை பாதுகாப்பானதே. கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, பற்கூழ். இறுகாத பசை அதனை உறுத்தக்கூடும். எனவே சொத்தை ஆழமாகி நரம்பு வெளிப்பட்டிருந்தால் நேரடியாகப் பசை பூசாமல், பாதுகாப்பு மருந்தை முதலில் வைக்கிறோம்.

இரண்டாவது, ஒவ்வாமை. பல பசைகளில் ஹெமா என்னும் பொருள் உள்ளது. இது சிலருக்குத் தோல் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். மெல்லிய கையுறையையும் ஊடுருவ வல்லது. ஆகவே அன்றாடம் இதைக் கையாளும் பல் மருத்துவப் பணியாளர்களுக்கே ஆபத்து மிகுதி. செயற்கை நகம் ஒட்டும் சில பொருள்களிலும் இதுவே உள்ளது.

மூன்றாவது, பிஸ்பீனால் ஏ. சில ரெசின் பொருள்களிலிருந்து அடைப்பு வைத்த உடனே இது மிகச் சிறிய அளவில் வெளிப்படலாம். பின்னர் அது குறைந்துவிடும். மேற்பரப்பில் இறுகாமல் தங்கிய படலத்தைத் துடைத்து, வாயைக் கொப்பளித்துத் துப்பச் செய்வது அந்த அளவையும் குறைக்கும். ஆகவே கொப்பளிக்கச் சொல்லும்போது விழுங்காமல் துப்பிவிடுங்கள். இந்த அச்சத்தால் சொத்தையைச் சிகிச்சையின்றி விடுவதே பிள்ளைக்குப் பெருங்கேடு.

எங்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள்

• பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் வைத்தீர்களா? அதிலுள்ள யூஜெனால் பசையை இறுகவிடாமல் தடுக்கும். “டாக்டர் கோபித்துக்கொள்வார்” என்று மறைக்க வேண்டா. தெரிந்தால் அதற்கேற்பத் திட்டமிடுவோம்.
• அண்மையில் பற்களை வெண்மையாக்கிக்கொண்டீர்களா? அப்படியானால் பசை நன்கு பற்றுவதற்கு ஓரிரு வாரங்கள் காத்திருக்க வேண்டும்.
• செயற்கை நகத்தாலோ வேறு பசையாலோ அரிப்பு ஏற்பட்டதுண்டா?
• கருவுற்றிருக்கிறீர்களா? தேவையான பல் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. எனினும் நாங்கள் அறிந்திருக்க வேண்டும்.
• இரவில் பற்களைக் கடிக்கும் பழக்கம் உண்டா?

வீடு திரும்பிய பின்

மரத்துப்போன உணர்வு நீங்கும்வரை எதையும் மெல்ல வேண்டா. உதடோ கன்னமோ கடிபடக்கூடும். குளிர்ந்த நீர் பட்டால் சில நாள்கள் கூச்சம் இருக்கலாம். அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். கடிக்கும்போது வலி நீடித்தால் அடைப்பு சற்று உயரமாக இருக்கலாம். அதைச் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம். தூக்கத்தைக் கெடுக்கும் வலியோ வீக்கமோ தோன்றினால் உடனே வாருங்கள்.

அடைப்பின் ஓரத்தில் பழுப்புக் கோடு தெரிந்தாலோ, உணவு சிக்கிக்கொண்டே இருந்தாலோ, அது விழும்வரை காத்திருக்காதீர்கள். தொடக்கத்தில் வந்தால் ஓரத்தை மட்டும் செப்பனிட இயலும். காலம் தாழ்த்தினால் உள்ளே சொத்தை பரவி, வேர் சிகிச்சை வரை செல்ல நேரலாம். பசையைச் செம்மையாகப் பூசுவது எங்கள் கடமை. ஃபுளோரைடு பற்பசையால் நாளுக்கு இருமுறை துலக்கி, குறித்த நாளில் பரிசோதனைக்கு வந்து அதைக் காப்பது உங்கள் கையில் உள்ளது.