நம்புதலும் அறிதலும்

சைவப் பாடசாலை ஆசிரியர்களுக்கு

சமயபாடம் கற்பிக்கும் ஆசிரியர் தம் மாணாக்கனை நோக்கி, ‘நீ யார்?’ என்று வினவுவாராயின், ‘நான் சைவன்’, ‘நான் தமிழன்’, ‘நான் இன்ன தோட்டத்தான்’ என்று விடை உடனே வரும். ‘அஃது உனக்கு எவ்வாறு தெரியும்?’ என்று மீண்டும் வினவுவாராயின், பெரும்பாலும் மௌனமே விடையாகும். அவ்விடைக்கும் இம்மௌனத்துக்கும் இடையிலுள்ள தூரமே நம்புதலுக்கும் அறிதலுக்கும் இடையிலுள்ள தூரம். மாணாக்கர் அதனைக் கடக்குமாறு செய்தல் ஆசிரியர் கடன். ஹந்தானை மலைச்சாரலிலும் கண்டி நகரைச் சூழ்ந்த தோட்டங்களிலும் கற்பிப்போர்க்கு இக்கடன் ஏனையோரினும் பெரிது. அஃது ஏன் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

அறிவாவது யாது?

நம் சித்தாந்த நூலாசிரியர்கள் பொருளியல்பை உரைக்கப் புகுமுன் அப்பொருளை அளந்தறியும் கருவியை உரைத்தனர். அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் சுபக்கத்தில் அளவையை முன்வைத்தே ஏனையவற்றைக் கூறினார். காட்சி, கருதல், உரை என்னும் மூன்றும் அவ்வளவைகள். காட்சியும் ஐயமும் திரிபும் நீங்கிய வழியே அளவையாம்.

இதனை ஹந்தானை மாணாக்கர் தம் வாயிலில் நின்றே கற்கலாம். விடியற்காலத்தில் மலைமுகட்டில் வெண்ணிறமாய் ஒன்று எழுகின்றது. ‘அது மூடுபனியோ புகையோ’ என மயங்குதல் ஐயம். பனியைப் புகையென்றே துணிதல் திரிபு. புகையே எனத் தெளியக் கண்டு, ‘ஆகலின் ஆண்டுத் தீ உண்டு’ எனத் துணிதல் கருதல்.

இனி, ஒருவன் பனியைப் புகையென்று கொண்டு, ‘ஆண்டுத் தீ உண்டு’ என உறுதியாக நம்புகின்றான் என்க. ஆண்டுத் தீ இல்லையாயின் அவன் நம்பிக்கை பொய்யாயிற்று. தற்செயலாய் ஆண்டுத் தீ இருப்பின்? அவன் சொல் மெய்யாயிற்று. ஆயினும் அவன் அறிந்தானல்லன். அவன் துணிவு தீயைப் பற்றி எழவில்லை, பனியைப் பற்றி எழுந்தது. ஆகவே உறுதியாக நம்புதலும் அறிவாகாது. நம்பியது மெய்யாய் முடிதலும் அறிவாகாது. தக்க அளவையால் மெய்யைப் பற்றுதலே அறிவாம். தேர்விலே சரியான விடை எழுதிய மாணாக்கர் அனைவரும் அறிந்தவரென்று மகிழும் ஆசிரியர் இதனை ஊன்றி நினைத்தல் வேண்டும்.

நம்பிக்கை கடியப்படுமோ?

அங்ஙனமாயின், நம்பிக்கையை முற்றக் களைதல் வேண்டுமோ எனின், அற்றன்று. தன் பிறப்பைத் தானே கண்டவன் ஒருவனும் இலன். தன் தாய் இவள், தந்தை இவன், பிறந்த ஊர் இது என்பனவற்றை ஒவ்வொருவனும் பெரியோர் வாய்ச்சொல்லாலேயே கொள்கின்றான். கண்ணால் காணாதன யாவும் பொய்யென்பான் தன் பெயரையும் இழப்பான். ஆதலினன்றோ நம் முன்னோர் உரையையும் ஓர் அளவையாக வைத்தனர்.

எனினும் யார் உரையும் அளவையன்று. சொல்லுவோன் பொருளை உள்ளவாறு அறிந்தவனாதல் வேண்டும். அறிந்ததை மறையாது உரைப்பவனுமாதல் வேண்டும். இவ்விரண்டும் ஆராய்ந்து கொள்ளப்பட்ட நம்பிக்கை அறிவின் பாற்படும். ஆராயாது கொள்ளப்பட்டது எத்துணை இனியதாயினும் காற்றில் நிற்கும் விளக்கேயாம்.

மலைநாட்டில் இவ்வினா

இது பண்டிதர் வாதம் மாத்திரமன்று. இம்மலைகளிலே பல்லாயிரவர் வாழ்வைத் தாக்கிய வினா. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்த ஒருவர் வழிமுறையால் குடியுரிமை பெறுதற்கு, தம் தந்தையாவது, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமாவது இந்நாட்டிலே பிறந்தமையைக் காட்டல் வேண்டும் என்றது. தோட்டத்து லயத்திலே பிறந்து, அத்தோட்டத்துத் தேயிலையிலேயே முதுமை எய்தியோர்க்கும் தம் தந்தை பிறந்த பதிவு கைவசமில்லை. அவர் தம் பிறப்பைத் தாய் உரையால் அறிந்தனர். அயலார் கண்டு அறிந்தனர். அரசு எழுத்துச் சான்று ஒன்றையே வினவியது. அறிந்தது ஒன்று, சான்றாக ஒப்பப்பட்டது மற்றொன்று. இவ்விரண்டின் இடையே ஒரு சமுதாயம் நாடற்றதாயிற்று.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை, ஏறத்தாழ 9,75,000 மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்குமென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் சரிபாதியாய்ப் பகிர்ந்தன. அந்த 1964ஆம் ஆண்டு நாள்முதல் இந்நாட்டிலே நிலையாய் வாழ்ந்துவரும் இந்திய வமிசாவளியினர்க்கும் அவர் வழித்தோன்றல்கட்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே குடியுரிமை வழங்கியது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன.

சட்டம் மாறியது, உள்ளத்திற் பதிந்த சொல் அத்துணை எளிதில் மாறுவதன்று. ‘நாம் இந்நாட்டார் அல்லம்’ என்னும் எண்ணம் சில இளைஞரிடத்து இன்றும் உண்டு. அதனை ஆராயின், மெய்யும் திரிபும் அதிலே கலந்து கிடத்தல் தெரியும். முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தனர் என்பது மெய். 1820களில் கண்டிச் சீமையிலே கோப்பிப் பயிர் தொடங்கியபின் அவர் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வழியே கால்நடையாய் மலையேறினர். 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் நட்ட தேயிலை அவ்விடத்தைக் கொண்டது. அதனையும் வளர்த்தவர் அவரே. ஆகவே, ‘வந்தவர் வழியினர்’ என்பது வரலாறு. ‘ஆகலின் இன்றும் அயலார்’ என்பது பனியைப் புகையெனக் கொண்ட துணிபு.

இதனை அறிவிக்க நெடுந்தூரம் செல்ல வேண்டா. 1925ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை இப்பொழுது தேயிலை நூதனசாலையாய் இருக்கின்றது. ஆசிரியர் மாணாக்கரை ஆண்டு அழைத்துச் செல்க. பழைய இயந்திரங்கள் காட்சிக்குப் புலனாம். அவை அரைத்த கொழுந்தை யார் கைகள் கொய்தன என்பதைக் கருதலால் உணர்த்துக. வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு எழுதிவரச் செய்வது உரையளவையாம். மூன்றும் ஒத்த இடத்து மாணாக்கன் தன் ஊரை நம்புகின்றவன் அல்லன், அறிகின்றவன் ஆவான்.

உயிரின் இயல்பு

நம்பிக்கை தவறின் அடையாளம் தவறுதல் ஏன்? மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்திலே, உடம்பின் வேறாய் உயிர் உண்டென்பதைக் காரணங் காட்டி நிறுவினார். ‘என் கை’, ‘என் உடல்’ என்று பிரித்துக் கூறுதலே அவ்வேற்றுமையைக் காட்டும். அவ்வுயிர் சார்ந்ததன் வண்ணமாதலை இயல்பாக உடையது. பளிங்கு தன்னை அடுத்த பூவின் நிறத்தைக் காட்டுதல் போல, தன்னைப் பற்றி ஓயாது கேட்கும் சொல்லின் நிறத்தை இளம் உயிர் ஏற்கும். ‘நீ இவ்வளவினன்’ என்று பலகாற் கேட்ட பிள்ளை அதனை நம்பி, நம்பிய அளவினனே ஆகிவிடுகின்றான்.

ஆனால், பளிங்கின்மேல் தோன்றும் செம்மை பளிங்கின் குணமன்று. தொழில், தோட்டம், சாதி, பிறர் இட்ட பெயர் ஆகியன அடுத்த பூக்கள். ‘இவற்றைக் காண்கின்ற யான் வேறு’ எனத் தெளிந்த மாணாக்கன் இகழ்ச்சியாற் சுருங்கான், புகழ்ச்சியாற் பெருகான், பிறன் அடையாளத்தை வெறுத்தலும் செய்யான். உயிர் வேறென அறிந்தமையால் ஊர்வரலாறு வேண்டா என்பார் சிலர். அது பொருந்தாது. பூவைப் பூவென அறியாதான் பளிங்கைப் பளிங்கென யாங்ஙனம் அறிவான்?

நாவலர் காட்டிய வழி

யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822ஆம் ஆண்டு தோன்றிய ஆறுமுக நாவலரவர்கள் பேர்சிவல் பாதிரியாரோடு விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பிலே உழைத்தவர். பிற சமயத்தவர் வினாக்களை அவர் நன்கு அறிந்தவர். வழக்கமாய்ச் சைவத்தைப் பற்றி நின்றோர் அவ்வினாக்களின் முன்னே விடையின்றி நின்றதையும் கண்டார். 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். பாலபாடங்களும் சைவ வினாவிடையும் இயற்றினார். நம்பியதை அறியச் செய்தலே அவர் கருத்து.

வினாவும் விடையும் நெட்டுருவாய் நின்றுவிடின் அக்கருத்து முற்றாது. ஆதலின் ஒவ்வொரு விடையின் பின்னும் மூன்று வினாக்களைச் சேர்க்குமாறு ஆசிரியர்களை வேண்டுகின்றோம். இதனைச் சொன்னவர் யார்? அவர் அதனை எவ்வாறு அறிந்தார்? நாம் எது பற்றி ஒப்புகின்றோம்? திருநீறு அணிதல் ஏன் என்னும் பாடத்துக்கும், இத்தோட்டம் உண்டானது எப்பொழுது என்னும் பாடத்துக்கும் இவை ஒக்கும். விடை தெரியாதவழி, ‘தேடிச் சொல்கின்றேன்’ என்று ஆசிரியர் கூறுதல் இழுக்கன்று. அதுவே அளவையின் முதற் பாடமாம்.

அறநெறிப் பாடசாலைக்கு ஞாயிறுதோறும் மலையேறி வரும் சிறாரிடத்து நம்பிக்கை நிரம்ப உண்டு. அது வித்து, களையப்படுவதன்று. அது முளைத்து வேரூன்றுமாறு மண்ணைக் கொத்துதலும் நீர் விடுதலுமே நம் தொழில். ‘நீ யார்?’ என்று நாளை உலகம் வினவும்பொழுது, அவர்கள் அச்சமும் சினமும் இன்றித் தாம் அறிந்ததைச் சொல்லுமாறு திருவருள் துணைபுரிவதாக.

திருச்சிற்றம்பலம்.