ஃபிளிப்-அப் தலைக்கவசம்: தேர்ந்தெடுப்பது எவ்வாறு?

இருசக்கர வாகனக் கடன் நாடி வரும் வாடிக்கையாளர்களுக்கு வாகன விலை, காப்பீட்டுக் கட்டணம், மாதத் தவணை ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கூறுகிறோம். அக்கணக்கில் பெரும்பாலும் விடுபடுவது தலைக்கவசம். கையில் எஞ்சிய தொகைக்கு ஏற்ப அது வாங்கப்படுகிறது.

அன்றாடப் பணிக்கும் விடுமுறைக்கால நெடும்பயணத்துக்கும் ஒரே தலைக்கவசத்தை விரும்புவோர், தாடைக்காப்பை மேலே உயர்த்தக்கூடிய ஃபிளிப்-அப் வகையை நாடுகின்றனர். கண்ணாடி அணிவோருக்கு இது மிகவும் வசதியானது. வாகனத்தை நிறுத்தி நீர் அருந்தவும் வழி கேட்கவும் தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டியதில்லை.

வாங்குமுன் மூன்றினைக் கவனித்தல் நலம்.

முதலாவது, ஐ.எஸ்.ஐ. முத்திரை. ஐ.எஸ். 4151 என்னும் தரத்துக்கு உட்பட்ட இம்முத்திரை, 2021 ஜூன் 1 முதல் நம் நாட்டில் விற்கப்படும் இருசக்கர வாகனத் தலைக்கவசங்களுக்குக் கட்டாயம்.

இரண்டாவது, அளவு. புருவத்துக்குச் சற்று மேலாகத் தலையின் சுற்றளவை அளந்துகொள்க. கடையிலேயே பதினைந்து நிமிடம் அணிந்து பார்க்க. பட்டையை மாட்டித் தலையை அசைக்கையில் கவசம் தனியே நகரலாகாது. நெற்றியில் வலியும் தோன்றலாகாது.

மூன்றாவது, தாடைக்காப்பின் பூட்டு. இருபுறமும் ஒருசேரப் பூட்டிக்கொள்கிறதா என்று இழுத்துப் பார்க்க. உலோகக் கொக்கி உடையது விரும்பத்தக்கது. கையுறை அணிந்த ஒரு கையால் திறக்க இயல வேண்டும். இவ்வமைப்பினால் இவ்வகைக் கவசம் முழுமுகக் கவசத்தைவிடச் சற்றுக் கனமாக இருக்கும். நெடும்பயணம் செல்வோர் எடையையும் ஒப்பிடுக.

வெயிலுக்கு அஞ்சித் தாடைக்காப்பை உயர்த்தியவாறே ஓட்டுவோரை நாள்தோறும் காண்கிறோம். அந்நிலையில் விழ நேர்ந்தால் முகமும் தாடையும் காப்பின்றி அடிபடும். ஐரோப்பிய இ.சி.இ. சான்றில் ‘பி/ஜே’ என்ற குறியீடு இருப்பின், திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அக்கவசம் ஏற்கப்பட்டது என்பது பொருள். திறந்த நிலையில் ஏற்கப்பட்ட கவசமும் தாடையைக் காக்காது. ஆதலின் வாகனம் ஓடுகையில் மூடியே வைப்பது நன்று. வங்கிக் கிளையிலும் ஏ.டி.எம். அறையிலும் உயர்த்தினால் மட்டும் போதாது, கழற்றிவிட்டே நுழைக.

பலத்த அடி வாங்கிய கவசம் வெளியே பழுதின்றித் தோன்றினும், உள்ளிருக்கும் தெர்மோகோல் போன்ற பகுதி நசுங்கியிருக்கும். அதனை மாற்றிவிட வேண்டும்.

வாகன உரிமையாளரே ஓட்டுநராயின் அவருக்குரிய கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய். அத்தொகை விபத்துக்குப் பின்னரே கிடைக்கும். எனவே வாகனத்துக்கான தொகையைத் திட்டமிடும் நாளிலேயே, நல்ல தலைக்கவசத்துக்கும் ஒரு தொகையை ஒதுக்கி வைக்குமாறு வேண்டுகிறோம்.