கிணற்றின் ஆழமும் மின்சாரத்தின் விலையும்

வேலூர் மாவட்டத்துக் கிணற்றுப் பாசன உழவர்களுக்கு மின்சாரம் இலவசமாகக் கிடைக்கிறது. தண்ணீர்தான் போதிய அளவு கிடைப்பதில்லை. 1990-ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் பாசனப் பம்புசெட்டுகளுக்குக் கட்டணம் கிடையாது. இன்று மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் அதிகமான பாசன மின் இணைப்புகள் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. ஒரு போகத்துக்கு எத்தனை யூனிட் செலவாகிறது என்பது அந்த உழவருக்கே தெரியாது.

அமிர்திப் பக்கத்தில் நடந்த ஒரு பயிற்சி முகாமில், பம்புசெட் பராமரிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் எழுந்து, "பில்லே வராத கரண்டுல எதைங்க ஐயா மிச்சம் பிடிக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் கொஞ்சம் நீளமானது என்பதால் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

கவலையும் மோட்டாரும்

மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்தில் கிணற்றுக்கு ஓய்வு இருந்தது. மாடு களைத்தால் இறைப்பு நிற்கும். இரவில் ஊற்று ஊறும். 1932-இல் பைக்காராவிலும் 1937-இல் மேட்டூரிலும் நீர் மின்சாரம் பிறந்து, பின்னர் கம்பிகள் கிராமங்களை எட்டியதும் இந்த ஓய்வு போயிற்று. பசுமைப் புரட்சிக் காலத்தில் வட ஆர்க்காட்டில் நெல் சாகுபடி பெருகியதற்குக் குட்டை ரக விதையும் ரசாயன உரமும் மட்டும் காரணமல்ல. கிணற்று மோட்டாரும் காரணம். கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1970-களின் தொடக்கத்தில் இம்மாவட்டக் கிராமங்களை ஆராய்ந்து 1977-இல் நூலாக வெளியிட்டனர். நிலத்தடி நீருக்கு ஓர் எல்லை உண்டு என்ற எச்சரிக்கை அப்போதே அதில் இருந்தது.

நம்முடைய பகுதி பாறைப் பகுதி. ஆற்றுப்படுகை மணலைப் போல் இங்கே தண்ணீர் பரந்து தேங்கி நிற்பதில்லை. மேலே சிதைந்த பாறை அடுக்கிலும், கீழே பாறை வெடிப்புகளிலும் உள்ளதுதான் நமது இருப்பு. மேல் அடுக்கு வற்றியதும் போர் போட்டு வெடிப்பைத் தேடுகிறோம். போர் ஆழமாக ஆக மோட்டாரின் குதிரைத்திறனும் ஏறுகிறது.

மனக்கணக்காக ஒரு கணக்கு

உழவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு ஏக்கரில் ஓர் அங்குல உயரம் தண்ணீர் கட்டினால் அது சுமார் ஒரு லட்சம் லிட்டர். ஒரு லட்சம் லிட்டரை 10 அடி உயர்த்த, நடுத்தர நிலையிலுள்ள பம்புசெட்டுக்குச் சுமார் 2 யூனிட் செலவாகும். இது மோட்டாரும் பம்பும் சேர்ந்து 40 சதத் திறனுடன் வேலை செய்தால் வரும் அளவு. பழைய பம்புசெட்டானால் 3 யூனிட் வரை போகும்.

ஓர் ஏக்கர் கரும்புக்கு, மழை போகக் கிணற்றிலிருந்து 40 அங்குலம் இறைப்பதாக வைத்துக்கொள்வோம். அது 40 லட்சம் லிட்டர். தண்ணீர் 40 அடியில் இருந்தால் 320 யூனிட். அதே தண்ணீர் 200 அடிக்கு இறங்கிவிட்டால் 1,600 யூனிட். பயிர் அதே பயிர். மகசூல் ஒரு கிலோ கூடுவதில்லை. 1,280 யூனிட் கூடுதலாகச் செலவாவது தண்ணீர் இறங்கிப்போன ஒரே காரணத்தால்.

அந்த 1,600 யூனிட்டும் நிலக்கரியிலிருந்து வந்ததாகக் கொண்டால், யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் வீதம் ஒரு டன்னுக்கு மேல் நிலக்கரி எரிந்திருக்கும். நமது நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். புகைபோக்கி வழியாகச் சுமார் ஒன்றரை டன் கரியமில வாயு வெளியேறும். கம்பியில் வீணாகும் மின்சாரத்தை இதில் சேர்க்கவில்லை.

சாம்பல் எங்கே போகிறது?

நம் வயலில் ஒரு பிடி சாம்பலும் விழுவதில்லை. ஆனால் எண்ணூரில் விழுந்திருக்கிறது. எண்ணூர் அனல் மின்நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. பின்னர் வந்த வடசென்னை நிலையத்தின் சாம்பல், குழாய்கள் கசிந்து கொசஸ்தலையாற்றிலும் கழிமுகத்திலும் படிந்து மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்தது.

நெய்வேலியின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே 1962 முதல் பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்துடன் நிலத்தடி நீர் நிற்கிறது. அதை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். ஆக, நம் கிணற்றில் தண்ணீர் இறைப்பதற்கான மின்சாரத்தில் ஒரு பகுதி, கடலூர் மாவட்டத்தில் தண்ணீரை இறைத்து வெளியேற்றிய பிறகே கிடைக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக நின்ற நெற்பயிரில் இயந்திரங்கள் இறங்கியதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அந்த நிலமும் ஓர் உழவர் பாடுபட்ட நிலம்தான்.

காற்றாலையும் சூரிய ஒளியும் தமிழகத்தில் நல்ல அளவில் இருக்கின்றனவே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் பலமாக வீசும்; சூரிய மின்சாரம் பகலோடு சரி. மாசி, பங்குனியில், பொழுது சாய்ந்தபின் மோட்டாரை ஓட்டினால் பெரும்பாலும் நிலக்கரி மின்சாரத்தில்தான் ஓட்டுகிறோம். மும்முனை மின்சாரம் பகலில் கிடைக்கும்போது அந்த நேரத்திலேயே பாசனத்தை முடித்துக்கொள்வது இந்த வகையில் நல்லது. இருட்டில் வரப்பில் பாம்புக்குப் பயந்து நடக்க வேண்டியதும் இல்லை.

தோல் ஆலைகள் கற்பித்த பாடம்

'நிலைத்த வளர்ச்சி' என்ற சொல் இப்போது எல்லா மேடைகளிலும் கேட்கிறது. அதை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதியாக உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது நமது மாவட்டத்து வழக்கில்தான். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றிலும் நிலத்திலும் விடப்பட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 28-8-1996 அன்று தீர்ப்பு வந்தது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற விதி அதில் உறுதியானது. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையத்தின் கணிப்பு அந்தத் தீர்ப்பிலேயே இடம் பெற்றது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்று மாசு குறித்து மீண்டும் தீர்ப்பு வழங்க நேர்ந்தது என்றால், காயம் இன்னும் ஆறவில்லை என்றுதான் பொருள்.

இதற்கும் மின்சாரத்துக்கும் என்ன தொடர்பு? மேல்மட்டத் தண்ணீர் உப்பானால் உழவர் ஆழத்துக்குப் போகிறார், யூனிட் கூடுகிறது. கழிவுநீரிலிருந்து உப்பைப் பிரிக்கச் சுத்திகரிப்பு நிலையங்களில் உயர் அழுத்தப் பம்புகளும் ஆவியாக்கும் இயந்திரங்களும் ஓடுகின்றன, யூனிட் கூடுகிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி மக்களின் குடிநீருக்காகக் காவிரித் தண்ணீரை மேட்டூர்ப் பக்கமிருந்து பம்பு செய்து கொண்டு வருகிறோம். அதற்கும் யூனிட் கூடுகிறது. கெட்டுப்போன தண்ணீருக்கான தண்டத்தை எல்லாரும் மின்சாரமாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். சுத்தம் செய்வதை நிறுத்த வேண்டும் என்பது என் கருத்தல்ல. கெடுக்காமல் இருப்பதே மலிவு.

அமிர்திப் பகுதி ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், தோல் ஆலைகளுக்கு மேல்புறம் இருக்கிறது. இங்கே தண்ணீர் இன்னும் நல்ல தண்ணீர். அதைக் கட்டிக் காப்பாற்றும் வாய்ப்பு ஆம்பூர்ப் பக்கத்து உழவரைவிட இங்குள்ளவர்களுக்கு அதிகம்.

பம்புசெட்டில் கவனிக்க வேண்டியவை

முதலில் உங்கள் பம்புசெட்டை நீங்களே சோதித்துப் பாருங்கள். 200 லிட்டர் டிரம் ஒன்றும் கைக்கடிகாரமும் போதும். 5 குதிரைத்திறன் மோட்டார், தண்ணீர் மட்டத்திலிருந்து கொட்டும் இடம் வரை 60 அடி என்றால், டிரம் சுமார் 20 விநாடியில் நிரம்ப வேண்டும். 30 விநாடிக்கு மேல் ஆனால் எங்கோ கோளாறு இருக்கிறது.

கோளாறு பெரும்பாலும் மோட்டாரில் இருப்பதில்லை, குழாயில்தான் இருக்கும். விலை குறைவு என்று 4 அங்குலத்துக்குப் பதில் 3 அங்குலக் குழாய் போட்டால், அதே அளவு தண்ணீருக்கு உராய்வு நான்கு மடங்கு ஆகும். துருப்பிடித்த இரும்புக் குழாய், கண் சிறுத்த புட்வால்வு, தேவையில்லாத எல்போ வளைவுகள் ஒவ்வொன்றும் தண்ணீரைத் தடுக்கும். எல்போவுக்குப் பதில் நீண்ட பெண்டு போடலாம், குழாயை பி.வி.சி.க்கு மாற்றலாம். சிலர் தண்ணீர் பார்க்க அழகாகக் கொட்ட வேண்டும் என்று டெலிவரி குழாயைத் தொட்டிக்கு மேல் நாலடி தூக்கி வைக்கிறார்கள். 40 அடிக் கிணற்றில் நாலடி என்றால் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் அந்த அழகுக்கே போகிறது. மேலேயிருந்து உறிஞ்சும் பம்பானால் தண்ணீர் மட்டத்திலிருந்து 20 அடிக்குள் இருக்கும்படி கிணற்றுத் திட்டில் இறக்கி வைக்க வேண்டும்.

மோட்டார் காயில் அடிக்கடி கருகுவதற்குக் குறைந்த மின்னழுத்தம் முக்கியக் காரணம். அதற்குப் பரிகாரமாகப் பலர் இன்னும் பெரிய மோட்டாரை மாட்டுகிறார்கள். ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ள பத்துப் பேரும் இதைச் செய்தால் மின்னழுத்தம் இன்னும் இறங்கும். போதாததற்கு எல்லாரும் ஆட்டோ ஸ்டார்டர் வைத்திருப்பதால் மின்சாரம் வந்த நொடியில் பத்து மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். டிரான்ஸ்பார்மர் தாங்குமா? மோட்டாரின் அளவுக்கு ஏற்ற கெப்பாசிட்டரை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுப் பொருத்திக்கொள்ளுங்கள். திறன்காரணி 0.7-லிருந்து 0.9-க்கு உயர்ந்தால் கம்பியில் வீணாகும் மின்சாரம் ஏறத்தாழ 40 சதம் குறையும். ஒருவர் மட்டும் பொருத்தினால் பெரிய பயன் தெரியாது. ஒரு டிரான்ஸ்பார்மருக்குக் கீழ் உள்ள எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு பொருத்த வேண்டும். இது வங்கிக் கடனைவிடக் கடினமான காரியம் என்பதை அனுபவத்தில் அறிவேன். புதிய மோட்டார் வாங்குவோர் நட்சத்திரக் குறியீடு பார்த்து வாங்கவும்.

சொட்டுநீரும் சூரியப் பம்பும்

சொட்டுநீர்ப் பாசனம் மின்சாரத்தையும் மிச்சம் பிடிக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. சொட்டுநீர்க் குழாயில் தேவைப்படும் அழுத்தம் தண்ணீரைக் கூடுதலாக 33 அடி தூக்குவதற்குச் சமம். தண்ணீர் 40 அடியில் உள்ள கிணற்றில் இது மொத்தம் 73 அடி ஆகும். தண்ணீர் தேவை பாதியாகக் குறைந்தாலும் மின்சாரத்தில் மிச்சம் சொற்பமே. 200 அடிப் போரில் கணக்கு வேறு: 233 அடி, ஆனால் பாதித் தண்ணீர், 40 சதத்துக்கு மேல் மின்சாரம் மிச்சம். ஆழமான போர் வைத்திருப்பவர்கள்தான் முதலில் சொட்டுநீருக்கு மாற வேண்டும். மேட்டுக் கிணற்றுக்காரர்கள் தண்ணீர்ச் சிக்கனத்துக்காகப் போடலாம்.

சூரியப் பம்புசெட்டுகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் மானியம் கிடைக்கிறது. 2019-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின் கீழும் இது வழங்கப்படுகிறது. புகையில்லை, சாம்பலில்லை, காயில் கருகும் தொல்லையும் குறைவு. ஆனால் காலை முதல் மாலை வரை செலவில்லாமல் இறைக்க முடிவதால், நீர்மட்டம் இறங்கிவரும் ஊரில் இது கிணற்றை இன்னும் வேகமாக வற்றவைத்துவிடும். சொட்டுநீர் இல்லாமல் சூரியப் பம்பு மட்டும் போடுவதை இப்பகுதிக்கு நான் பரிந்துரை செய்ய மாட்டேன்.

நீர்மட்டத்தை ஏற்றுவது

மேலே சொன்ன சிக்கனங்கள் எல்லாவற்றையும்விடப் பெரியது தண்ணீரையே மேலே கொண்டுவருவது. நீர்மட்டம் 20 அடி ஏறினால் மேற்படி கரும்பு ஏக்கருக்கு 160 யூனிட் தானாகக் குறையும். போரைச் சுற்றியுள்ள எல்லாக் கிணறுகளுக்கும் குறையும். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் நாகநதியின் படுகையில், நூறு நாள் வேலைத் திட்டத்தில் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு உறைகள் இறக்கி நீர்செறிவுக் கிணறுகளும் கற்தடுப்புகளும் அமைத்தது நாடறிந்த செய்தி. 2021 செப்டம்பரில் பிரதமரின் வானொலி உரையிலும் அது இடம் பெற்றது. ஓடையில் கண நேரம் ஓடி மறையும் வெள்ளத்தை மண்ணுக்குள் இறக்குவதுதான் அதன் தத்துவம். இதையே சிறிய அளவில் உங்கள் நிலத்திலும் செய்யலாம். வயலில் வழியும் மழைநீரை நேராகக் கிணற்றில் விடக்கூடாது. வண்டல் ஊற்றுக்கண்ணை அடைத்துவிடும். ஜல்லியும் மணலும் நிரப்பிய குழி ஒன்றில் வடிகட்டிய பிறகே விட வேண்டும். கைவிட்ட போர் இருந்தால் அதைச் சுற்றி இத்தகைய வடிகட்டும் குழி அமைக்கலாம். குழந்தைகள் தவறி விழாதபடி வாய்க்கு மூடி அவசியம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறையும், தை பிறந்தபின் ஒருமுறையும், மோட்டார் ஓடாத காலை நேரத்தில், முடிச்சுப் போட்ட கயிற்றால் நீர்மட்டத்தை அளந்து, கிணற்றுச் சுவரிலோ பம்பு அறைக் கதவிலோ சுண்ணாம்பால் தேதியுடன் எழுதி வையுங்கள். அடுத்த போகத்துக்குக் கரும்பா, வேர்க்கடலையா என்பதை அந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்யலாம்.