சங்கிலி நீண்டால் என்ன ஆகும்?

வில்லியனூரை அடுத்த உறுவையாற்றில் ஒரு விவசாயியின் வீட்டை மனத்தில் எண்ணிப் பாருங்கள். அடுக்களையில் சமையல் வாயு உருளை. வாசலில் டிராக்டர், அதற்கு டீசல். பக்கத்தில் மோட்டார் சைக்கிள், அதற்குப் பெட்ரோல். மின்சாரம் நின்றால் ஏற்ற மாடத்தில் ஒரு மெழுகுவர்த்தி. வாயு, திரவம், திண்மம் ஆகிய மூன்று நிலைகளிலும் எரிபொருள் அங்கே உண்டு. இவை யாவும் ஒரே குடும்பம் என்றால் வியப்பாக இல்லையா?

கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த ஹைட்ரோகார்பன்களே இவை. கார்பன் அணுக்கள் சங்கிலிபோல் கைகோத்து நிற்கும். சங்கிலி நீள நீள, மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் விசை கூடுகிறது, கொதிநிலையும் உயர்கிறது. ஒரே கார்பன் உடைய மீத்தேன் -162 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். 3 கார்பன் உடைய புரொப்பேனுக்கு -42. 4 கார்பன் உடைய பியூட்டேனுக்கு ஏறக்குறைய 0. 5 கார்பன் உடைய பென்டேனுக்கு 36. அக்கினி நட்சத்திர வெயிலில் நம் ஊரிலேயே அது கொதித்துவிடும்! பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று சங்கிலி மேலும் நீள்கிறது. 20 கார்பனைத் தாண்டினால் மெழுகு.

சமையல் வாயு என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. அழுத்தினால் அது சாதாரண வெப்பநிலையிலேயே திரவமாகிவிடும். ஆகவேதான் 14.2 கிலோ எரிபொருள் ஓர் உருளைக்குள் அடங்குகிறது. திரவம் விரிய இடம் வேண்டும் என்பதால் உருளையை முழுதும் நிரப்புவதில்லை. மீத்தேனோ எவ்வளவு அழுத்தினாலும் சாதாரண வெப்பநிலையில் திரவமாகாது. காரைக்காலை அடுத்த நரிமணம் பகுதியில் கிடைக்கும் இயற்கை வாயுவில் பெரும்பகுதி மீத்தேன்தான். அதைக் கொண்டு மின்சாரம் தயாரிக்கவே திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் மின்நிலையம் அமைக்கப்பட்டது.

மெழுகுவர்த்தியில் எரிவது எது? திண்ம மெழுகு அன்று. அது உருகி, திரி வழியே ஏறி, ஆவியான பிறகே எரிகிறது. டீசலும் பெட்ரோலும் அப்படித்தான். திரவம் எரிவதில்லை, அதன் ஆவியே எரிகிறது. பெட்ரோல் குளிர்ந்த வேளையிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். மண்ணெண்ணெய் அவ்வளவு எளிதில் ஆவியாகாது. மண்ணெண்ணெய் அடுப்பில் சிறிது பெட்ரோல் கலந்தாலும் விபத்து நேர்வது இதனால்தான்.

இனி ஒரு சிறு கணக்கு. காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29. மீத்தேனுக்கு 16, அது கசிந்தால் மேலே போகும். புரொப்பேனுக்கு 44, பியூட்டேனுக்கு 58. ஆகவே சமையல் வாயு கசிந்தால் தண்ணீரைப்போல் தரையோடு பரவி, பள்ளத்தில் தேங்கும். உயரத்திலுள்ள சிறு சன்னலை மட்டும் திறந்தால் போதாது. வாசற்கதவையும் அகலத் திறக்க வேண்டும். இந்த வாயுவுக்கு இயல்பாக மணம் இல்லை. நம் மூக்கை எட்டும் நாற்றம், கசிவை அறிவிப்பதற்காகவே சேர்க்கப்படும் எத்தில் மெர்காப்டன் என்னும் பொருளுடையது. அந்த நாற்றம் வந்தால் முதலில் உருளையின் ரெகுலேட்டரை மூடுங்கள். மின்விளக்குச் சுவிட்சைத் தொடாதீர்கள். எரியும் விளக்கை அணைக்கவும் வேண்டாம். போடும்போது மட்டுமல்ல, அணைக்கும்போதும் சுவிட்சுக்குள் தீப்பொறி எழும்.