பூஞ்சையை நம்பிப் படிக்கப் போகிறவர்களுக்கு

பிளஸ் டூ முடிவு வந்ததும் கள்ளக்குறிச்சிப் பக்கத்து வீடுகளில் பேச்சு இரண்டுதான்: டாக்டர், இல்லையென்றால் இன்ஜினியர். இப்போது புதிதாக பி.டெக். பயோடெக்னாலஜி சேர்ந்திருக்கிறது. மரபணு மாற்றிய பூஞ்சையால் பூச்சியைக் கொல்லலாம் என்று கேள்விப்பட்ட பிள்ளைக்கு அதில் ஆசை. பெயரில் 'டெக்' இருப்பதால் அப்பாவுக்கும் சம்மதம்.

பிள்ளையின் ஆசையில் தவறில்லை. மெட்டாரைசியம் பூஞ்சையில் ஆஸ்திரேலியச் சிலந்தி ஒன்றின் நச்சு மரபணுவைச் சேர்த்து, புர்கினா பாசோவில் வலைக்கூண்டுக்குள் கொசுக்கள் மீது சோதித்தார்கள். 45 நாளில் கொசுக்கூட்டம் சரிந்தது. 2019இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு அது. சாதாரணப் பூஞ்சை பூச்சியின் தோலைத் துளைத்து உள்ளே வளர்ந்து கொல்லச் சில நாட்கள் ஆகும். நச்சு மரபணு அந்த வேலையை விரைவாக்குகிறது.

இதற்காகப் படிக்க வழிகள் பல. பி.எஸ்சி. வேளாண்மை எல்லோருக்கும் தெரிந்தது. நுண்ணுயிரியல், விலங்கியல், தாவரவியல் மூன்றும் செலவு குறைந்தவை, முதுகலைக்கு நல்ல அடித்தளம். இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியது பயோடெக்னாலஜி பற்றித்தான். கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் நான்கு வருடம் படிக்கும் பிள்ளை அங்கே கணிதம், வெப்ப இயக்கவியல், நொதித்தல் கலன் எல்லாம் படிக்கும். படைப்புழு எந்தப் பருவத்தில் மக்காச்சோளக் குருத்துக்குள் புகுகிறது என்பதைப் பெரும்பாலும் படிக்காது. முடித்தபின் ஐ.டி. கம்பெனிக்கும் மெடிக்கல் கோடிங்குக்கும் போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். தவிர, மரபணு மாற்றிய பூச்சிக்கொல்லிப் பூஞ்சை இந்தியாவில் இன்னும் கடைக்கு வரவில்லை. வர வேண்டுமென்றால் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தக் குழு 2009இல் ஒப்புக்கொண்ட பி.டி. கத்தரிக்காயே 2010 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டது. இன்று உழவர் கையில் இருப்பவை மெட்டாரைசியம், பவேரியா போன்ற இயற்கையான பூஞ்சைகள்தான். நொதித்தலிலும் பெரிய அளவு உற்பத்தியிலும் உண்மையான நாட்டம் உள்ள பிள்ளை பயோடெக் படிக்கட்டும், மற்றவர்கள் வேண்டாம்.

நான் பூச்சியியல் படித்தவன். பக்கச்சார்பு இருக்கிறது என்றால் இருக்கட்டும். மரபணுவை வெட்டி ஒட்டும் வித்தையை முதுகலையிலோ முனைவர் பட்டத்திலோ கற்றுக்கொள்ளலாம். பூச்சியையும் பயிரையும் மண்ணையும் கவனிக்கும் பழக்கம் முதல் நான்கு வருடத்தில், வேளாண்மைப் படிப்பிலேயே வர வேண்டும். கரும்பு வேர்ப்புழு மண்ணில் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது, வெயிலில் பூஞ்சை வித்து ஏன் செத்துப்போகிறது, சாயங்காலம் தெளித்தால் ஏன் பிழைக்கிறது என்று தெரியாதவர் எந்த மரபணுவைச் சேர்த்தும் பயனில்லை. 2018இல் படைப்புழு தமிழக மக்காச்சோளத்தில் இறங்கியபோது முதலில் தேவைப்பட்டவர்கள் வயலில் நின்று புழுவை அடையாளம் காணத் தெரிந்தவர்கள்.

கல்வராயன் மலையில் சாமையும் மரவள்ளியும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கவனம் பாதி ஏற்கெனவே இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் வேளாண் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அந்த மலையில் வெள்ளிமலைப் பக்கத்தில் இந்த ஒதுக்கீடு தெரியாமலே வேறு படிப்புக்குப் போய்விடுகிறார்கள்.

பூச்சியியல் துறை அவசரக்காரருக்கு ஆகாது. இளங்கலை, முதுகலை, முனைவர் என்று பத்து வருடம் ஓடும். ஒரு மழை தவறினால் ஒரு பருவத்துச் சோதனை வீண். மக்காச்சோளக் கொல்லையில் நின்று குருத்துக் குருத்தாகப் பிரித்துப் பார்க்கச் சலிப்பு வராத பிள்ளைக்கு இது பொருந்தும். சலிப்பு வந்தால் வேறு நல்ல படிப்புகள் ஏராளம், அதில் குறையொன்றும் இல்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: விண்ணப்பத்தில் முதல் விருப்பத்தைப் பிள்ளையே எழுதட்டும்.