ரவுட்டர் பூட்டியிருக்கிறதா? டிஎன்எஸ் மாற்றும் முன் இதைப் படியுங்கள்

நெட் கம்பெனி கொடுத்த ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் போகிறீர்கள். சைட்டின் பெயருக்கு விலாசம் தேடித் தரும் டிஎன்எஸ் சர்வரைப் போடும் கட்டம் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது, எதையும் டைப் செய்ய முடியவில்லை. சில ரவுட்டர்களில் அந்தக் கட்டமே இருக்காது. கம்பெனி தன் இடத்திலிருந்தே பெட்டியைப் பராமரிக்க வேண்டும் என்பதற்காக இப்படிப் பூட்டி வைக்கிறார்கள். அந்தப் பூட்டோடு மல்லுக்கட்டி, இருந்த நெட்டையும் இழந்து உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் யாருக்குமே அந்தச் சிரமம் தேவைப்பட்டிருக்காது. டிஎன்எஸ்ஸைப் போனில் மாற்றலாம், கம்ப்யூட்டரில் மாற்றலாம், சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கி அதிலும் மாற்றலாம்.

செய்ய வேண்டியவை

• எதற்காக மாற்றுகிறீர்கள் என்று முதலில் தெளிவாகுங்கள். சைட்டுகள் திறக்கத் திணறுகின்றனவா, மோசடி சைட்டுகளைத் தடுக்க வேண்டுமா, பிள்ளைகள் கண்ணில் ஆபாச சைட் படக்கூடாதா? மூன்றுக்கும் டிஎன்எஸ் உதவும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் போட வேண்டிய நம்பர் வேறு.

• ஊரறிந்த சர்வரை மட்டும் தேர்ந்தெடுங்கள். பொதுவான உபயோகத்துக்கு கூகுளின் 8.8.8.8, 8.8.4.4 அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1, 1.0.0.1 போதும். மோசடி சைட்டுகளைத் தடுக்க க்வாட்9 நிறுவனத்தின் 9.9.9.9, 149.112.112.112. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3, 1.0.0.3. நான்கும் இலவசம்.

• இப்போதிருக்கும் செட்டிங்ஸை போட்டோ எடுத்து வையுங்கள். ஏதாவது தப்பானால் பழைய நிலைக்குத் திரும்ப அந்த ஒரு படம் போதும்.

• ஆண்ட்ராய்டு போனில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ஸைப் பயன்படுத்துங்கள். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் இந்த வசதி இருக்கிறது. அதில் நம்பர் ஏற்காது, பெயர்தான் கொடுக்க வேண்டும். கூகுளுக்கு ‘டிஎன்எஸ் டாட் கூகுள்’, பிள்ளைகளுக்கான கிளவுட்ஃபிளேர் சர்வருக்கு ‘ஃபேமிலி டாட் கிளவுட்ஃபிளேர்-டிஎன்எஸ் டாட் காம்’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். ஒருமுறை போட்டால் வீட்டு வைஃபையிலும் மொபைல் டேட்டாவிலும் அதுவே ஓடும். நீங்கள் எந்த சைட்டின் பெயரைத் தேடுகிறீர்கள் என்பது என்கிரிப்ட் ஆகிப் போவதால், வழியில் யாரும் அதைப் படிக்கவோ மாற்றவோ முடியாது. ரவுட்டரில் நம்பரை மட்டும் மாற்றினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. என்னைக் கேட்டால், பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும்.

• ஐபோனில் ஒவ்வொரு வைஃபைக்கும் தனியாக மாற்றுங்கள். வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள ‘ஐ’ குறியைத் தொட்டு, ‘கான்ஃபிகர் டிஎன்எஸ்’ஸில் ‘மேனுவல்’ கொடுங்கள். வீட்டில் போட்டது மொபைல் டேட்டாவுக்கோ அடுத்த வீட்டு வைஃபைக்கோ பொருந்தாது.

• மேலே உள்ள நம்பர்கள் ஐபிவி4 என்ற பழைய வகை, ஐபிவி6 என்ற புது வகை முகவரியையும் சேர்த்து மாற்றுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஐபிவி4 நம்பரை மட்டும் மாற்றினால், ரவுட்டர் ஐபிவி6 வழியாகத் தன் பழைய சர்வரையே சொல்லிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டரும் அதையே கேட்கும். கூகுளுக்கு 2001:4860:4860::8888, கிளவுட்ஃபிளேருக்கு 2606:4700:4700::1111, அதன் பிள்ளைகள் சர்வருக்கு 2606:4700:4700::1113.

• டிவி, டேப், விருந்தாளி போன் என்று வீடு முழுக்க மாற வேண்டுமானால் சொந்த ரவுட்டர் ஒன்றை வாங்கிப் பின்னால் மாட்டுங்கள். கம்பெனிப் பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து ஒரு கேபிளை எடுத்து, புது ரவுட்டரில் ‘இன்டர்நெட்’ என்று எழுதிய போர்ட்டில் செருகுங்கள். டிஎன்எஸ்ஸைப் புது ரவுட்டரில் போடுங்கள். பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி சாதனங்கள் அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

• மாற்றிய கையோடு சோதித்துப் பாருங்கள். கம்ப்யூட்டரின் கமாண்ட் விண்டோவில் ‘என்எஸ்லுக்கப்’ கட்டளையை ஆங்கிலத்தில் டைப் செய்தால், எந்த சர்வர் பதில் சொல்கிறது என்று முதல் வரியில் தெரியும். பழைய சர்வரே வந்தால் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு மறுபடி பாருங்கள். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் தனியாக ‘செக்யூர் டிஎன்எஸ்’ என்ற வசதி உண்டு. அதில் வேறு சர்வர் இருந்தால் நீங்கள் போட்டதை பிரவுசர் கண்டுகொள்ளாது.

செய்யக்கூடாதவை

• ரவுட்டரின் பின்னால் உள்ள ரீசெட் ஓட்டைக்குள் குண்டூசியை விடாதீர்கள். பூட்டு திறக்கும் என்று நினைத்து அழுத்துகிறார்கள். பூட்டு அப்படியே இருக்கும். கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் போட்டுவிட்டுப் போன பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு, விலேன் நம்பர் எல்லாம் அழிந்துபோகும். அவை பெரும்பாலும் உங்களிடம் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்காது. கஸ்டமர் கேரில் புகார் போட்டு, டெக்னீஷியன் வரும்வரை வீட்டில் நெட் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் அழுத்தினால் திங்கட்கிழமை வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

• வீடியோ பார்த்து ‘அன்லாக்’ ஃபர்ம்வேர் ஏற்றாதீர்கள். ஃபைல் பொருந்தாவிட்டால் பெட்டி செத்துவிடும். பெரும்பாலும் அது கம்பெனியின் சொத்து, காசை உங்களிடம் கேட்பார்கள். பொருந்தினாலும் நிம்மதியில்லை. டிஆர்-069 என்ற முறையில் கம்பெனி தூரத்திலிருந்தே பழைய செட்டிங்ஸைத் திரும்ப ஏற்றிவிட முடியும்.

• யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய டிஎன்எஸ் நம்பரைப் போடாதீர்கள். டிஎன்எஸ்ஸைக் கையில் வைத்திருப்பவர் உங்களை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் விடலாம். 2011, 2012 வாக்கில் பிரேசிலில் சுமார் 45 லட்சம் மோடம்களுக்குள் திருடர்கள் புகுந்து டிஎன்எஸ்ஸை மாற்றினார்கள். பாங்க் சைட்டைத் திறந்தவர்கள் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்து ஏமாந்தார்கள். அதற்கு முன்பிருந்தே எஸ்டோனியக் கும்பல் ஒன்று ‘டிஎன்எஸ்சேஞ்சர்’ என்ற வைரஸைப் பரப்பி, 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களைத் தன் சர்வர்களுக்குத் திருப்பிவிட்டது. 2011 நவம்பரில் கும்பல் பிடிபட்டது. அந்த சர்வர்களுக்குப் பதிலாக வைக்கப்பட்ட தற்காலிக சர்வர்களை 2012 ஜூலை 9 அன்று நிறுத்தியபோது, அதுவரை கம்ப்யூட்டரைச் சரிசெய்யாத பலருக்கு நெட் நின்றுபோனது.

• முதல் கட்டத்தில் 1.1.1.3-உம் இரண்டாவதில் 8.8.8.8-உம் போடாதீர்கள். இரண்டாவது நம்பர் அவசரத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். சாதனம் எதை வேண்டுமானாலும் கேட்கும். கூகுள் சர்வரைக் கேட்ட நேரத்தில் தடுத்த சைட் திறந்துவிடும்.

• சாதனங்களுக்கு முகவரியும் டிஎன்எஸ்ஸும் கொடுக்கும் டிஹெச்சிபி வசதியை ஒரே நெட்வொர்க்கில் இரண்டு பெட்டிகளில் ஓடவிடாதீர்கள். கேபிளைப் புது ரவுட்டரின் லேன் போர்ட்டில் தப்பாகச் செருகினால் இப்படி ஆகும். ஒரு போனுக்குப் புது டிஎன்எஸ், இன்னொன்றுக்குப் பழையது என்று வீடே குழம்பும், காரணமும் பிடிபடாது.

• லேண்ட்லைன் போன் அதே பெட்டியில் செருகியிருந்தால், போன் ஓடுமா என்று கேட்காமல், பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டு மோடமாக மட்டும் ஓடும் நிலைக்கு) மாற்றச் சொல்லாதீர்கள். சில கனெக்‌ஷன்களில் போன் நின்றுவிடும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

• ஆபீஸ் லேப்டாப்பில் கை வைக்காதீர்கள். ஆபீஸின் உள் சைட்டுகள் ஆபீஸ் டிஎன்எஸ்ஸுக்கு மட்டுமே தெரியும்.

• டவுன்லோடு ஸ்பீடு கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். டிஎன்எஸ் என்பது தெருமுனையில் விலாசம் சொல்லும் டீக்கடைக்காரர் மாதிரி. வழி சொல்பவரை மாற்றினால் ரோடு அகலமாகாது. பழைய சர்வர் மந்தமாக இருந்திருந்தால் பக்கங்கள் கொஞ்சம் சீக்கிரம் திறக்கும், அவ்வளவுதான்.

• ஹோட்டல் வைஃபையில் லாகின் பக்கம் வரவில்லை என்றால் ரிசப்ஷனில் சண்டைக்குப் போகாதீர்கள். பிரைவேட் டிஎன்எஸ்தான் மறித்துக்கொண்டிருக்கும். ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்கி, லாகின் செய்தபின் திரும்பப் போடுங்கள்.

• வீட்டில் உள்ள எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். இன்றைக்கு உங்கள் போனில் மட்டும் மாற்றுங்கள். பாங்க் ஆப், யுபிஐ, ஓடிடி எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று இரண்டு நாள் பாருங்கள். ஓடினால் அடுத்த போனை எடுங்கள்.